‘கிளீன்’ என்னும் சொல்லும் நமது மொழிபெயர்ப்பும்

ஆங்கில விளக்கவுரைகளைத் தமிழாக்கும் பயிற்சி வகுப்பொன்றில், 77ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்தை 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தினின்று மொழிபெயர்க்குமாறு மாணவர்களைப் பணித்தோம். தேவனுடைய இரக்கம் இனி இல்லாதே போயிற்றோ என்று ஆசாப் கலங்கும் இடம் அது. ஆங்கிலத்தில் அவ்விடத்தில் ‘கிளீன்’ என்ற சிறு சொல் நிற்கிறது. ஒரு மாணவர் அச்சொல்லைக் கண்டவுடன் ‘சுத்தமான இரக்கம்’ என எழுதினார். வகுப்பு நகைத்தது. ஆயினும், இரக்கம் ‘கிளீன்’ ஆகப் போய்விட்டது என்றால் யாது பொருள் என்று நகைத்தவர்களைக் கேட்டபோது, அவர்களுள் பலரும் விடை கூற இயலாது விழித்தனர்.

அவ்விடத்தில் அச்சொல்லுக்கு ‘முற்றிலும்’ என்பதே பொருள். யோசுவாவின் புத்தகம் 3ஆம் அதிகாரம் 17ஆம் வசனத்தில், இஸ்ரவேலர் யோர்தானைக் ‘கிளீன்’ ஆகக் கடந்தார்கள் என்று அதே ஆங்கில வேதாகமம் கூறும்பொழுதும், ஒருவர் மிச்சமின்றிக் கடந்தார்கள் என்றே கொள்ளவேண்டும். இதனை விளங்கிக்கொள்ளத் தமிழர் அகராதியைப் புரட்டவேண்டிய தேவையில்லை. ‘சுத்தமாக மறந்துபோனேன்’ என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். மறதியில் அழுக்கில்லை என்பது அதன் கருத்தன்று. ‘சுத்த மோசம்’ என்றும் சொல்லுகிறோம். கலப்பற்றது என்னும் பொருள் குறைவற்றது என்னும் பொருளாக விரிவது இரு மொழிகளிலும் ஒரே வழியாய் நிகழ்ந்திருக்கிறது.

அன்றைய வகுப்பு அந்த ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. ஆங்கில நூல்களைக் கொண்டே இறையியல் பயிலும் நம் மாணவர்க்கு இச்சொல் வைக்கும் இடறல்கள் இன்னும் பல உளவாதலால், அவற்றைச் சிறிது விரித்து எழுதத் துணிகிறோம்.

‘கிளீன்’ என்பது ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்திலேயே அது அழுக்கின்மை, கற்பு, குற்றமின்மை ஆகியவற்றையும், பலிக்கும் உணவுக்கும் தகுந்த மிருகத்தின் நிலையையும் ஒருங்கே குறித்தது. ஜெர்மன் மொழியில் ‘சிறிய’ என்று பொருள்படும் ‘கிளைன்’ என்ற சொல் இதன் உடன்பிறப்பு. ஒளிர்வது, துலக்கமானது என்ற பழம்பொருளிலிருந்து ஜெர்மன் மொழி நேர்த்தியானது, நுண்மையானது எனச் சென்று சிறியது என்பதில் முடிந்தது. ஆங்கிலமோ துலக்கத்தைப் பற்றிக்கொண்டு தூய்மையை வந்தடைந்தது. ஜெர்மானியர் அணிகலனை இன்றும் ‘கிளைனோட்’ என்பதில் அப்பழைய ஒளியின் சாயலைக் காணலாம்.

நார்மானியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சு வழியாக இலத்தீன் சொல்லாகிய ‘பியூர்’ வந்து சேர்ந்தது. அதுமுதல் ஆங்கிலத்தில் இரு சொற்கள் பக்கம்பக்கமாக வாழ்கின்றன. பாத்திரம் ‘கிளீன்’, பொன் ‘பியூர்’. அழுக்குப்படக்கூடியது அழுக்கின்றி இருப்பது முன்னது. வேறொன்று கலவாதது பின்னது. நம் மொழியிலும் ‘தூய்மை’ என்ற சொந்தச் சொல்லும் ‘சுத்தம்’ என்ற வடசொல்லும் இவ்வாறே பக்கம்பக்கமாக வாழ்கின்றன. ஆனால் அவற்றிடையே ஆங்கிலத்தில் உள்ளதுபோன்ற வேலைப்பங்கீடு ஏற்படவில்லை. ஆதலால் ‘கிளீன்’ என்றால் சுத்தம், ‘பியூர்’ என்றால் தூய்மை எனக் கணக்குப்போட்டு மொழிபெயர்ப்பது வீண். (பேச்சுத்தமிழ் அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு தன் விருப்பம்போல் நடத்துகிறது என்பதையும் சொல்லவேண்டும். லாரியில் ஓட்டுநருக்குத் துணையாகச் செல்பவர் நமக்குக் ‘கிளீனர்’; அவர் வண்டியைத் துடைக்கிறாரோ இல்லையோ, பெயர் அதுவே.)

மூலமொழிகளுக்கு வருவோம். எபிரெயத்தில் ‘தாஹோர்’ என்று ஒரு சொல் உண்டு. உடன்படிக்கைப் பெட்டியை மூடிய பொன்னுக்கும் அச்சொல்லே. நோவாவின் பேழையில் ஏறிய மிருகங்களுக்கும் அச்சொல்லே. 51ஆம் சங்கீதத்தில் தாவீது வேண்டிய இருதயத்துக்கும் அச்சொல்லே. ஆங்கிலம் பொன்னுக்குப் ‘பியூர்’ என்றும், மிருகத்துக்கும் இருதயத்துக்கும் ‘கிளீன்’ என்றும் பிரித்து வழங்கியது. நமது பழைய திருப்புதலோ பொன்னைப் ‘பசும்பொன்’ என்றது. மூலச்சொல்லின் ஒருமை மறைந்ததாயினும், தமிழ்ச்செவிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

இதற்கு மாறாக, எபிரெயத்தில் வெவ்வேறாய் உள்ளவை ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுவதும் உண்டு. 24ஆம் சங்கீதத்தில் கர்த்தரின் பர்வதத்தில் ஏறத்தக்கவனுக்குக் ‘கிளீன்’ ஆன கைகள் இருக்கவேண்டும் என ஆங்கிலம் கூறுகிறது. மூலத்தில் உள்ள சொல் ‘தாஹோர்’ அன்று, ‘நாக்கி’ என்பது. அது நீதிமன்றத்துச் சொல். குற்றமற்றவன், பழியினின்று விடுபட்டவன் என்பது அதன் பொருள். குற்றமில்லாத இரத்தம் என்று பழைய ஏற்பாடு பேசுமிடங்களில் வருவதும் அதுவே. ஆங்கிலேயரின் நீதிமுறையிலும், நியாயம் கோரி வருபவன் ‘கிளீன்’ ஆன கைகளோடு வரவேண்டும் என்றொரு கோட்பாடு உண்டு. அவ்வழக்கில் தானே நேர்மையாய் நடந்திருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. பிலாத்துவை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். திரளான ஜனங்களுக்கு முன்பாகத் தண்ணீரை அள்ளிக் கழுவியபின் அவன் கைகள் ‘கிளீன்’ ஆகவே இருந்தன. ‘நாக்கி’ என்று அவற்றை எந்த எபிரெயனும் சொல்லியிருக்கமாட்டான். திருவள்ளுவரும் வாய்மை என்னும் அதிகாரத்தில் நீரால் அமையும் தூய்மையையும் வாய்மையால் காணப்படும் தூய்மையையும் பிரித்தே வைத்தார்.

அழுக்கின்மை, குற்றமின்மை ஆகிய இவ்விரண்டும் அன்றி மூன்றாவது ஒரு பொருள் உண்டு. நம் மாணவர் பெரிதும் தடுமாறுவது இங்கேதான். லேவியராகமம் ஒருவனை ‘அன்கிளீன்’ என்று சொல்லும்பொழுது, அவன் அழுக்காயிருக்கிறான் என்றோ பாவஞ்செய்தான் என்றோ சொல்லவில்லை. பிள்ளை பெற்ற தாய், பிணத்தைத் தொட்டு அடக்கம்பண்ணிய மகன், மாதவிடாயிலிருக்கும் பெண் ஆகிய இவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். பெற்றோரை அடக்கம்பண்ணுவது கடமையுங்கூட. ஆயினும் குறித்த காலம்வரை இவர்கள் பரிசுத்த ஸ்தலத்தை அணுகலாகாது. காலம் கழிந்தபின் அந்நிலையும் கழியும். ‘தாமே’ என்ற எபிரெயச் சொல் குறிப்பது இந்நிலையையே.

அழுக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதை யூத மரபிலிருந்தே காட்டலாம். கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் ‘யாதாயிம்’, அதாவது ‘கைகள்’, என்றொரு பகுதி உண்டு. பரிசுத்த வேத எழுத்துகள் தம்மைத் தொடும் கைகளை ‘தாமே’ ஆக்கும் என்று அது விதிக்கிறது. எந்தெந்த நூல்கள் அவ்வாறு செய்யும் என்று ரபீமார் வாதிட்டனர். உன்னதப்பாட்டையும் பிரசங்கியையும் குறித்து அவர்களிடையே கருத்து வேற்றுமை இருந்தது. வேதப்புத்தகம் கைகளை அழுக்காக்கும் என்று எந்த யூதரும் எண்ணியிருக்க இயலாது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

மானிடவியல் அறிஞர் மேரி டக்ளஸ் 1966இல் வெளியிட்ட நூலொன்றில், இடம்மாறிக் கிடக்கும் பொருளையே மனிதர் அழுக்கென்கின்றனர் எனக் கொண்டு லேவியராகமத்தின் உணவுச்சட்டங்களை விளக்கினார். அவ்விளக்கம் நம் வகுப்புகளில் இன்றும் ஒப்பிக்கப்படுகிறது. அவரே பின்னாளில், 1999இல் லேவியராகமத்தைப் பற்றித் தனி நூல் எழுதியபோது, தம் பழைய விளக்கத்தைத் திருத்திக்கொண்டார் என்பதையும் சேர்த்து ஒப்பிப்பது நலம்.

‘தாமே’ என்பதற்குத் தமிழில் ‘தீட்டு’ என்ற சொல் உளது. ஆங்கிலேயருக்கு இத்தகைய சொல் கிடைக்கவில்லை. சலவைக்குரிய சொல்லையே ஆலயத்துக்கும் இழுத்துக்கொண்டனர். நமக்குச் சொல் கிடைத்தது. அதோடு அச்சொல் சுமந்துவந்த பாரமும் கிடைத்தது. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

மற்றொரு சிக்கல் நம்முடையதே. ‘ஹோலி’ என்னும் ஆங்கிலச் சொல் முழுமையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ‘கிளீன்’ என்பதோடு அதற்கு உறவில்லை. நாமோ அதைப் ‘பரிசுத்தம்’ என்கிறோம். மிகவும் சுத்தமானது என்பதே அதன் சொற்பொருள். லேவியராகமம் 10:10இல் ஆசாரியர் இரண்டு வேறுபாடுகளைக் காணவேண்டும் எனக் கட்டளை உண்டு. தேவனுக்கென்று பிரிக்கப்பட்டதற்கும் பொதுவானதற்கும் உள்ளது ஒன்று. தீட்டுள்ளதற்கும் தீட்டில்லாததற்கும் உள்ளது மற்றொன்று. ஒரு பொருள் தீட்டில்லாததாய் இருந்தும் பொதுவானதாக இருக்கலாம். இஸ்ரவேலன் வீட்டில் அன்றாடம் உண்ட அப்பம் அத்தகையது. தமிழ்வாசகரோ ‘சுத்தம்’ முதிர்ந்தால் ‘பரிசுத்தம்’ என ஒரே ஏணியின் இரு படிகளாக இவற்றை எண்ணிவிடுகிறார். 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பு ‘தூய ஆவியார்’ என்றபோதும் ஏணி மாறவில்லை; சொல் மட்டுமே மாறியது.

நிற்க. சுத்தம் தெய்வபக்திக்கு அடுத்தது என்ற ஆங்கிலப் பழமொழியை வேதவசனம் என்றே நம்பும் விசுவாசிகளை நாம் சந்தித்திருக்கிறோம். ஞாயிறு பள்ளிச் சுவரில் வசன இலக்கம் மட்டும் இல்லாமல் அது எழுதப்பட்டிருந்ததையும் கண்டோம். திருமறையில் அது எங்குமில்லை. அதனைப் பரப்பிய பெருமை ஜான் வெஸ்லியைச் சாரும். 1780-களில், தம் முதிர்வயதில், 1 பேதுரு 3:3-4 வசனங்களைக் கொண்டு உடையைக் குறித்து அவர் எழுதிய பிரசங்கத்தில் அது வருகிறது. உடலின் சுத்தம் தேவனிடத்துள்ள பயபக்தியினின்று பிறப்பது என்னும் கருத்தைப் பிரான்சிஸ் பேக்கன் 1605இலேயே எழுதியிருந்தார். ஆகவே எண்ணம் வெஸ்லிக்குச் சொந்தமானதன்று. விலையுயர்ந்த ஆடை வேண்டாம் என்று வற்புறுத்தவந்த வெஸ்லி, அதனால் கந்தலும் அழுக்குமாய்த் திரிவதே பக்தி என்று எவரும் எண்ணிவிடாதபடிக்கே இதனைச் சேர்த்தார். ‘அடுத்தது’ என்பது அவர் வாக்கில் இரண்டாம் இடத்தில் வைக்கும் சொல். பிற்காலத்தவர் அதை அருகில் கொண்டுவந்து, ஏறக்குறைய அதுவே இது என்றாக்கினர்.

அதன் விளைவு சிறியதன்று. தண்ணீர்க் குழாய் இல்லாத நெருக்கமான சந்துகளில் இங்கிலாந்தின் தொழிலாளர் வாழ்ந்த காலத்தில், பல்வர் லிட்டன் என்ற நாவலாசிரியர் 1830இல் அவர்களைக் குளியாத பெருங்கூட்டம் என்று பொருள்படும் ஒரு தொடரால் சுட்டினார், அது நிலைத்துவிட்டது. சுத்தம் பக்திக்கு அடுத்தது என்றால், குளிக்க நீரில்லாதவன் பக்திக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறான்? இக்கேள்விக்கு லிவர்பூல் நகரில் அயர்லாந்தினின்று குடியேறிய ஏழைப்பெண் ஒருத்தி விடை கண்டாள். கிட்டி வில்கின்சன் என்பது அவள் பெயர். 1832இல் காலரா பரவியபோது, தன் வீட்டிலிருந்த வெந்நீர்க் கொப்பரையை அயலாருக்குத் திறந்துவிட்டு, நோயாளிகளின் துணிகளையும் படுக்கைகளையும் வெளுக்கச் செய்தாள். அந்நகர் 1842இல் பொதுச் சலவையகம் ஒன்றை அமைத்ததற்கு அவள் முயற்சி வழிகாட்டிற்று. நம் பழமொழி ‘சுத்தம் சோறு போடும்’ என்கிறது. பக்தியைப் பற்றிப் பேசாமல் சோற்றைப் பற்றிப் பேசிய அந்த அடக்கம் எமக்குப் பிடித்திருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் ‘கத்தாரோஸ்’ என்ற கிரேக்கச் சொல் ‘தாஹோர்’ என்பதன் இடத்தில் நிற்கிறது. யோவான் 15ஆம் அதிகாரத்தில் தோட்டக்காரர் கனிகொடுக்கும் கொடியைக் கழித்துவிடுதலும், சீடர் வசனத்தினால் சுத்தமாயிருத்தலும் ஒரே வேர்ச்சொல்லால் சொல்லப்படுகின்றன. 1611இன் ஆங்கிலம் முன்னதற்கு ஒரு சொல்லும் பின்னதற்குக் ‘கிளீன்’ என்பதுமாக வைத்தமையால் அவ்விணைப்பு அறுந்தது. நமது பழைய திருப்புதல் இரண்டிடத்திலும் ‘சுத்தம்’ என்றே வைத்து இணைப்பைக் காத்தது. ஆங்கிலத்தின் வழியாக மட்டும் இப்பகுதியைப் பிரசங்கிப்போர் தங்கள் கையிலுள்ள தமிழ் வேதாகமத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக.

அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரத்தில் பேதுரு கண்ட தரிசனத்தில் இரு சொற்கள் வருகின்றன. ‘அக்கத்தார்ட்டோஸ்’ என்பது சுத்தமற்றது. ‘கொய்னோஸ்’ என்பதற்கு நேர்ப்பொருள் ‘பொதுவானது’; ஆங்கிலம் அதை அப்படியே வைத்தது. தமிழ் மொழிபெயர்ப்பாளரோ ‘தீட்டு’ என வைத்தனர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது பிழை எனத் தோன்றும். கதைக்குள் நின்று பார்த்தால் இதைவிட ஆழமான மொழிபெயர்ப்பு இல்லை. ஏனெனில் 28ஆம் வசனத்தில் பேதுரு கொர்நேலியுவின் வீட்டில் நின்றுகொண்டு அத்தரிசனத்துக்குப் பொருள் கூறும்போது, உணவைக் குறித்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று தான் சொல்லலாகாது எனத் தேவன் காட்டியதாகக் கூறுகிறான். பொதுவானவன் என்று ஒருவனை அழைக்கலாகாது என ஆங்கிலத்தில் வாசிப்பவர்க்கு இதன் கூர்மை தைக்காது. தீட்டு என்று தமிழில் வாசிப்பவர்க்குத் தைக்கவேண்டும்.

தைத்ததோ என்பதே வினா. ஆங்கில ஆட்சிக்காலத்துக் குடிக்கணக்கு அறிக்கைகளிலும் இனவரைவு நூல்களிலும் பழைய மிஷனெரிக் கடிதங்களிலும் ‘கிளீன்’ ஆன சாதிகள் என்ற தொடர் வெகு இயல்பாகக் காணப்படுகிறது. அதை எழுதியோர் அச்சாதியார் நன்கு குளித்தவர்கள் என்று சொல்லவரவில்லை. தீட்டு என்னும் கோட்பாட்டைத் தம் மொழியில் சொல்லவந்தனர். ஆனால் அவர்கள் மொழியில் அதற்குத் தனிச்சொல் இல்லாமையால், அழுக்கும் ஒழுக்கமும் தீட்டும் ஒரே அசைக்குள் கலந்துவிட்டன. அவ்வறிக்கைகளை வாசித்த நம்மவரும், தீண்டாமைக்குச் சுகாதாரமே காரணம்போலப் பேசக் கற்றுக்கொண்டனர். ஊரின் அழுக்கை அகற்றுபவர் அழுக்கானவர். அவர் அழுக்கானவராகையால் விலக்கப்படுகிறார்: இவ்வாறு ஒரு பொய்யான தர்க்கம் உருவாயிற்று. இதே சொற்குடும்பத்தைச் சேர்ந்த ‘கிளென்சிங்’ என்பது, 1992இல் பொஸ்னியப் போரின்போது, ஓர் இனத்தாரைக் கொன்றும் துரத்தியும் ஒழிப்பதற்குப் பெயராக உலகமெங்கும் வழங்கத் தொடங்கியதையும் இங்கே நினைவுகூரவேண்டும்.

எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தை நம் சபைகளில் எவரும் பிரசங்கிப்பதை நாம் அதிகம் கேட்டதில்லை. பிணத்தைத் தொட்டவனின் தீட்டைக் கழிக்கச் சிவப்புக் கிடாரியின் சாம்பலை நீரில் கலந்து தெளிக்கும் முறைமை அங்கே சொல்லப்படுகிறது. அதில் ஒரு வியப்பு உண்டு. கிடாரியைக் கொல்வதை முன்நின்று நடத்தும் ஆசாரியன் தீட்டுப்படுகிறான். அதைச் சுட்டெரித்தவன் தீட்டுப்படுகிறான். சாம்பலை வாரியவன், அதுவரை சுத்தமாயிருந்தவன், தீட்டுப்படுகிறான். தீட்டுக்கழிக்கும் ஜலத்தைத் தெளித்தவனும் தன் வஸ்திரங்களைத் தோய்க்கவேண்டும். பிறரைச் சுத்தமாக்கும் வேலையே அவ்வேலையைச் செய்பவனைத் தீட்டுப்படுத்துகிறது. இம்மட்டும் நம் நாட்டுக் கதையைப் போலவே இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரம் அவர்களுக்கு விதிக்கும் காலம் ‘சாயங்காலமட்டும்’. சூரியன் அஸ்தமித்தால் ஆசாரியனும் சாம்பல் வாரியவனும் ஒன்றுபோலப் பாளயத்துக்குள் இருப்பார்கள். சாம்பல் வாரியவனின் மகன் சாம்பல் வாரவேண்டும் என்று மோசே கட்டளையிடவில்லை.

நமது நாட்டில் சாயங்காலம் வரத் தாமதமாகிறது. மனிதக்கழிவைக் கையால் அகற்றும் பணியில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்து 1993இலும், இன்னும் விரிவாக 2013இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. கழிவுநீர்ச் சாக்கடைகளில் இறங்கி இறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தியது. மரணம் நிற்கவில்லை என்பதற்கு அவ்வுயர்வே சான்று. தமிழ்நாடு அரசு 2020இல் துப்புரவுப் பணியாளரைத் ‘தூய்மைப் பணியாளர்’ எனப் பெயர் மாற்றியது. பெயர் மாற்றத்தை எள்ளுவோர் உளர், நாம் எள்ளவில்லை. சொற்களால் வந்த கேட்டில் ஒரு பங்கு சொற்களால் தீரக்கூடும். ஆனால் அப்பணியாளர் நம் ஆலயத்தில் எந்த வரிசையில் அமர்கிறார், அவர் மகளுக்கு நம் சபையில் யார் பெண்கேட்டு வருகிறார்கள் என்பவை அரசு மாற்றக்கூடியவை அல்ல. மாதவிடாய் நாளில் திருவிருந்துக்கு வரத் தயங்கும் பெண்களை நாம் இன்னும் காண்கிறோம். பெரும்பாடுள்ள ஸ்திரீ வஸ்திரத்தைத் தொட்டபோது இயேசுவானவர் தீட்டுப்பட்டதாக மாற்கு எழுதவில்லை என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அன்றைய வகுப்பில் மறுவாரம் ஒரு பழைய மிஷன் அறிக்கையின் பகுதியைக் கொடுத்தோம். ‘கிளீன்’ ஆன சாதிகளிலிருந்து சிலர் ஞானஸ்நானம் பெற்றனர் என்று அதில் இருந்தது. ‘சுத்த சாதிகள்’ எனச் சிலர் எழுதினர். ‘உயர்சாதிகள்’ என்றனர் சிலர். முந்தைய வாரம் ‘சுத்தமான இரக்கம்’ என்று எழுதி நகைப்புக்கு ஆளான மாணவர், நெடுநேரம் எழுதாதிருந்து, ‘தீட்டற்றவை எனத் தம்மைச் சொல்லிக்கொண்ட சாதிகள்’ என எழுதிக் கொடுத்தார். மூலத்தில் இல்லாத மூன்று சொற்களை அவர் சேர்த்திருக்கிறார் என ஒருவர் குறை கூறினார். உண்மைதான். ஆயினும் அவருடைய தாளில் நாம் திருத்தம் ஒன்றும் செய்யவில்லை.